நாக்கை நீட்டச் சொல்ல ஆளில்லை

கரிசல் காட்டில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 'நாக்குல புத்து' என்று சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும்.

"கத்தி மட்டும் வைக்க விட்டுராதீக அண்ணாச்சி. கத்தி பட்டா பரவிரும்."

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அறியாமை, மூடநம்பிக்கை, பட்டிக்காடு என்று மூன்று வார்த்தையில் ஃபைலை மூடிவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாசகம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. இதற்கு உற்பத்தியாளர் இருக்கிறார். கோவில்பட்டி தீப்பெட்டி மேலே லேபிள் ஒட்டுவது மாதிரி இதன் மேலேயும் ஒரு லேபிள் ஒட்டலாம். 'தயாரிப்பு: ஒன்றும் சொல்லாமல் அறுத்து வீட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிகள். கூட்டுத் தயாரிப்பு: அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர் என்று கெஞ்சும் பிள்ளைகள்.'

இதை விளக்கமாகத்தான் பேசியாக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வந்து தொடரவும்.

நாக்கின் ஓரத்தில், முன்பக்கமாக, சின்னதாக ஒரு புற்று என்றால் வாயைத் திறக்கவைத்து வாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். பின்னால் தள்ளி, தொண்டைக்குப் பக்கத்தில், கிழங்கு மாதிரி ஆழமாக இறங்கியிருந்தால் அந்த வழியில் வெளிச்சமும் சரியாகப் போகாது, கையும் போகாது. அப்போது சர்ஜன்கள் கையில் எடுப்பதுதான் தாடையைப் பிளக்கும் முறை. மாண்டிபுலாட்டமி என்பார்கள். கீழுதட்டை நடுவில் கீறி, முகவாயைத் தாண்டிக் கழுத்து வரை கோடு இழுப்பார்கள். கீழ்த்தாடை எலும்பை மெல்லிய ரம்பத்தால் அறுப்பார்கள். அறுத்த பாதித் தாடையை வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி வெளிப்பக்கம் திருப்பினால், உள்ளே நாக்கின் வேர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். புற்றைச் சுற்றி நல்ல சதையும் ஒரு சென்டிமீட்டர் போலச் சேர்த்து எடுப்பார்கள். கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். முன்கையிலிருந்தோ மார்பிலிருந்தோ சதை கொண்டுவந்து நாக்கில் ஒட்டுப் போடுவார்கள். பிறகு கதவைச் சாத்தி, டைட்டானியம் பிளேட் வைத்து, திருகு போட்டு முடுக்குவார்கள்.

இது புதுசு இல்லை. 1836லேயே பாரிஸில் ரூ என்கிற சர்ஜன் இப்படி உதட்டையும் தாடையையும் நடுவில் பிளந்து நாக்குப் புற்றுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். ஈதர் மயக்க மருந்து பாஸ்டனில் மேடையேறியது 1846ல். நடுவில் பத்து வருஷம் இருக்கிறது, கவனியுங்கள். ரூவின் நோயாளி முழித்துக்கொண்டே கிடந்திருப்பார்.

எலும்பை எங்கே அறுப்பது என்பதிலேயே நூறு வருஷத்துக்கு மேல் பாடம் படித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் அறுத்துப் பார்த்தார்கள். உதட்டுக்கும் பல்லுக்கும் போகிற நரம்பு அறுந்து அந்தப் பக்கம் மரத்துப்போனது. அறுத்த இடம் பின்னால் கொடுக்கும் கதிர்வீச்சின் நடுவிலும் மாட்டிக்கொண்டது. அதனால் இப்போது முன்பக்கமாக, கோரைப்பல்லுக்கும் அதற்கு முந்தின பல்லுக்கும் நடுவில் அறுப்பதையே பலரும் விரும்புகிறார்கள். அறுப்பதற்கு முன்பே பிளேட்டை எலும்பில் பொருத்தி, திருகுக்கு ஓட்டை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கதவைக் கழற்றும் முன்னால் ஆசாரி கீல் இருந்த இடத்தில் குறி போட்டுக்கொள்வாரே, அந்த வேலைதான். இல்லாவிட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மறுபடி பொருந்தாது.

ஆக, வேண்டிய ஆளுக்கு இதைச் செய்துதான் ஆகவேண்டும். வழி சரியாகக் கிடைக்காமல் புற்றில் ஒரு துணுக்கை உள்ளே விட்டுவிட்டு வந்தால் அது ஆளையே முடித்துவிடும். தாடையைப் பிளக்கிற சர்ஜனை வில்லனாக்கும் கட்டுரை இது இல்லை. அப்படி எதிர்பார்த்தவர்கள் அடுத்த பக்கத்து சினிமாச் செய்திக்குப் போகலாம். என் சண்டை, பிளப்பதற்கு முன்னால் பேசப்படாத பேச்சைப் பற்றி.

போன வருஷம் விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மானாவாரியில் உளுந்தும் கம்பும் போடுகிறவர். வயது அறுபதைத் தாண்டும். நாற்பது வருஷமாக வெத்தலையோடு பொயிலை அடக்கியவர். நாக்கில் புற்று வந்து, தாடையைப் பிளந்து ஆபரேஷன் நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. புற்று திரும்பவில்லை. டாக்டர் கணக்கில் அவர் ஒரு வெற்றி. சந்தேகமே வேண்டாம், என் கணக்கிலும் வெற்றிதான்.

ஊர்க்கணக்கு வேறு. கீழுதட்டிலிருந்து கழுத்துக்குப் போகிற தழும்பு மேல் மீசைக்கத்தி சரியாக ஓடாது. உதட்டின் ஒரு ஓரம் மரத்துக் கிடப்பதால் எச்சில் வழிவது அவருக்கே தெரியாது. தோளில் எப்போதும் ஒரு துண்டு. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கிறது. கம்மங்கூழைக் கரைத்துக் கரைத்துக் குடிக்கிறார். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்த மிட்டாயைப் பேரனுக்கு வாங்கிக் கொடுக்கலாம், இவர் கடிக்க முடியாது. போனில் பேசினால் எதிர்முனையில் 'யாரு? யாரு?' என்கிறார்கள். போனையே விட்டுவிட்டார்.

அவர் சொல்வதை அவர் சம்சாரம்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மூணாவது மாசம் ஈறு பிரிந்து உள்ளே பளபளவென்று என்னமோ தெரிந்ததாம். பிளேட். அந்த அம்மாவுக்கோ புத்து மறுபடி கிளம்பிவிட்டது என்று பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப அறுப்பார்கள் என்று பயந்து, பக்கத்து ஊர் வைத்தியரிடம் இருபது நாள் பச்சிலை கட்டியிருக்கிறார்கள்.

"பொழைச்சுக்கிட்டாக. அது ஒண்ணே போதும் எங்களுக்கு. ஆனா இப்படியெல்லாம் ஆகும்னு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இம்புட்டு பயந்திருக்க மாட்டோம்ல" என்றார்.

அந்த ஆஸ்பத்திரி எது என்பது இங்கே முக்கியமில்லை. எந்த ஆஸ்பத்திரியாகவும் இருந்திருக்கலாம் என்பதுதான் முக்கியம்.

அவருக்கு வந்தவை எல்லாம் மருத்துவப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகி இருப்பவை. அறுத்த இடம் பிரிவது, பிளேட் வெளியே தெரிவது, சீழ் பிடிப்பது, எச்சில் உள்ளிருந்து கழுத்து வழியாகக் கசிவது, எலும்பு ஒட்டாமல் போவது, கோணலாக ஒட்டிப் பல்வரிசை மாறுவது, காதோரத்து மூட்டில் வலி, வாய் பூட்டிக்கொள்வது. எத்தனை பேருக்கு வரும்? உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதியதைப் பார்த்தால் பத்தில் ஒருவர் என்றும் இருக்கிறது, மூன்றில் ஒருவர் என்றும் இருக்கிறது. கை தேர்ந்த இடத்தில் குறைவு. முன்பே கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் அதிகம். எப்படிப் பார்த்தாலும், யாருக்கோ எங்கேயோ லட்சத்தில் ஒன்று என்று தள்ளிவிடுகிற எண்ணிக்கை இல்லை.

இதில் ரொம்ப மோசமானது தாமதமாக வருகிறது. ஆபரேஷன் முடிந்தவர்களில் பலருக்கு அடுத்து கதிர்வீச்சு உண்டு. நம் ஊர் பாஷையில் 'கரண்ட் வைக்கிறது'. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது தடவை போல. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிடவேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. தாடைப் புண் பிரிந்தால் ஆறு வாரம் பத்து வாரமாகும். தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் புற்றுக்கு லாபம். நம்ம பெரியவர் பச்சிலை கட்டிய இருபது நாளை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தப்பித்தது அதிர்ஷ்டம். கரண்ட் முன்னாடியே முடிந்திருந்தது.

கரண்ட் வாங்கிய எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோகும். அதோடு ஆயுசுக்கும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இரண்டு வருஷம் கழித்துக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று பக்கத்து டவுனில் யாரிடமோ போய், பழைய கதையைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கினால், அந்தக் குழி ஆறாமல் எலும்பே உள்ளுக்குள் செத்து உதிர ஆரம்பிக்கலாம். அதனால்தான் சொத்தைப் பல்லையெல்லாம் கரண்ட் வைப்பதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் எத்தனை பேர் இந்தச் சீமையில் நடமாடுகிறார்களோ!

நான் பி.காம். படித்தவன். உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித்தரும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு கம்பெனி மேல் கேஸ் நடக்கிறது என்று வையுங்கள். தோற்கலாம், ஜெயிக்கலாம். தோற்றால் இவ்வளவு பணம் கட்டவேண்டி வரலாம். அதை பேலன்ஸ் ஷீட்டின் அடியில் குறிப்பாகப் போடவேண்டும். கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று பெயர். வருமா வராதா நிச்சயமில்லை, ஆனாலும் சொல்லியாகவேண்டும். 'பயந்து யாரும் ஷேர் வாங்க மாட்டார்கள்' என்று அதை மறைத்தால் ஆடிட்டர் முதல் டைரக்டர் வரை பதில் சொல்லவேண்டி வரும்.

பத்து ரூபாய் ஷேர் வாங்குகிறவனுக்கு இருக்கிற இந்த மரியாதை, சொந்தத் தாடையைக் கொடுக்கிறவனுக்கு வேண்டாமா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்யப்போவது என்ன, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்னென்ன, இதையெல்லாம் நோயாளி புரிந்துகொள்கிற அளவுக்குச் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். தீர்ப்பு அப்படி. நடப்பு எப்படி? ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் பாரத்தை நீட்டுகிறார். 'எந்த விளைவு ஏற்பட்டாலும் நானே பொறுப்பு' என்று ஒரு வரி. மகன் கையெழுத்துப் போடுகிறான். தாடை யாருடையதோ அவர் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காகிதத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் நியாயமாகாது. நம் பக்கத்துக்கும் வருவோம். டாக்டர் ரூமுக்கு வெளியே நடக்கும் நாடகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூத்த மகன் ரகசியக் குரலில், "சார், அப்பாகிட்ட புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. புத்துன்னா தாங்க மாட்டாரு." பாசம்தான். நான் சந்தேகப்படவில்லை. சொந்தப் புற்றைப் பற்றி ஊரே பேசும், அவர் ஒருவருக்குத்தான் அது ரகசியம்! மனசின் ரகசியங்களைத் தோண்டியெடுத்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே இது நடந்தது. சுருட்டுப் பிரியர். 1923ல் மேல்தாடையில் புற்று வந்தபோது சுற்றியிருந்த டாக்டர்களே உண்மையைச் சொல்லாமல் மழுப்பினார்கள். அப்புறம் 1939ல் சாகிற வரைக்கும் முப்பதுக்கு மேல் ஆபரேஷன், வாய்க்குள் ஒரு செயற்கைத் தட்டு. தன்னிடம் மறைத்ததைப் பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார் என்று எழுதியிருக்கிறார் அவர் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ். வியன்னா புரொபசருக்கு வந்த கோபம் விளாத்திகுளம் சம்சாரிக்கு வராதா?

இந்த விஷயத்தைத் தெரிந்த சர்ஜன் ஒருவரிடம் பேசினேன். நல்ல மனுஷர். கோபப்படாமல் சொன்னார்: "எல்லாத்தையும் சொல்லலாம் சார். எச்சில் வழியும், வாய் பூட்டும், பிளேட் தெரியும்னு வரிசையா சொன்னா, மறுநாள் காலைல பாதிப் பேர் பெட்ல இருக்க மாட்டாங்க. நேரா வைத்தியர்கிட்டதான் போவாங்க. சொல்லாம காப்பாத்துறதா, சொல்லிச் சாகடிக்கிறதா?"

லேசான கேள்வி இல்லை இது. இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

என் பதில் இதுதான். அந்தப் பெரியவர் எச்சில் துண்டோடு ஊருக்குள் நடக்கிறார். ஊர் பார்க்கிறது. புற்று போய்விட்டது என்பது ஊரின் கண்ணுக்குத் தெரியாது, அது உள்ளே இருந்த சமாச்சாரம். ஆபரேஷனுக்கு முந்தி நன்றாகப் பேசினார், நன்றாகத் தின்றார். ஆபரேஷனுக்குப் பிந்தி இரண்டும் போச்சு. இதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. 'இதெல்லாம் வரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு, உசுருக்குப் பதில் இது' என்று அவரோ அவர் வீட்டாரோ சொல்ல முடிந்தால் ஊர் ஒரு மாதிரி புரிந்துகொள்ளும். அவர்களுக்கே தெரியாதபோது ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது. கத்தி பட்டது, கெட்டது.

இப்போது அதே தெருவில் இரண்டாவது ஆளுக்கு நாக்கோரத்தில் சின்னதாக ஒரு புண். இன்றைக்கே போனால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம். தாடையைத் தொடவே வேண்டாம். அவர் போகமாட்டார். பெரியவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பயம். 'உடம்புச் சூடு' என்பார். மணத்தக்காளிக் கீரை தின்பார். மாசிக்காய் உரைத்துத் தடவுவார். மெடிக்கல் ஷாப்பில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் மரத்துப்போகிற ஜெல்லும் வாங்குவார். ஜெல் வலியை அடக்கும், புற்றையா அடக்கும்? ஆறு மாசத்தில் காதுக்குள் குத்தும், கழுத்தில் நெறி கட்டும், நாக்கு அசையாது. அப்போது தூக்கிக்கொண்டு ஓடினால் சர்ஜன் என்ன செய்வார்? தாடையைப் பிளப்பார். அதுவும் முடிகிற நிலையில் இருந்தால்.

டாக்டர் சார், முதல் ஆளுக்குச் சொல்லாமல் நீங்கள் மிச்சம் பிடித்த பத்து நிமிஷம் இருக்கிறதே, அது இரண்டாவது ஆளின் தாடையில் வட்டியோடு வந்து நிற்கிறது. சொன்னால் ஓடுவார்கள் என்கிறீர்கள். சொல்லாததால் வராமலே இருக்கிறவர்களை எந்த ரிஜிஸ்டரில் எண்ணுகிறீர்கள்?

சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. அச்சுப்பிச்சென்று ஆபத்துப் பட்டியலை வாசித்தால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். 'செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொல்லவேண்டும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகித் தேறி நடமாடும் ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தால் இன்னும் நல்லது. வாய் பூட்டுவதைப் பயிற்சியால் ஓரளவு தடுக்கலாம். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லிடுக்கில் அடுக்கி, நாளுக்கு நாள் ஒன்று கூட்டிக்கொண்டே போகிற எளிய பயிற்சி. செலவு ஐந்து ரூபாய். நம்ம பெரியவருக்கு ஐஸ் குச்சியைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் கோடிக்கணக்கில் மருந்துக் குச்சி செய்கிற ஊரில் வாழ்கிற மனுஷனுக்கு ஒரு குச்சி கிடைக்கவில்லை!

இன்னொன்றையும் சர்ஜன்களிடம் கேட்கலாம், தப்பில்லை. எல்லாருக்கும் பிளந்துதான் ஆகவேண்டுமா? தாடையை அறுக்காமல், கழுத்துப் பக்கம் கீறி நாக்கைக் கீழ்வழியாக இழுத்து எடுக்கிற முறையும் இருக்கிறது. அதிலும் தொந்தரவுகள் உண்டு, எல்லாப் புற்றுக்கும் அது ஒத்துவராது, எது மேல் என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. நடக்கட்டும். 'இந்த ஆளுக்கு ஏன் இந்த வழி' என்று அந்த ஆளிடம் இரண்டு வாக்கியம் சொல்ல வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அரசாங்கத்தின் பக்கம். 2009லிருந்து தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு இலவச மருத்துவக் காப்பீடு இருக்கிறது. கலைஞர் காலத்தில் தொடங்கி, 2012ல் ஜெயலலிதா பெயரை மாற்றி விரித்து, இன்றும் ஓடுகிறது. நல்ல விஷயம். தாடை ஆபரேஷனுக்குக் காட்டை விற்கவேண்டிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் எந்தக் காப்பீட்டிலும் அடங்காத செலவு ஒன்று உண்டு. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 55 கிலோமீட்டர். மதுரை 100. அடையாறு என்றால் ஒரு ராத்திரி ரயில். ஆறு வாரம் தினமும் கரண்ட் வைக்கப் போகவேண்டும் என்றால் கூடப்போகிற ஆளின் கூலி என்ன ஆகும்? தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு வராத நாளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? அரைக் கரண்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் 'ஏம்ப்பா இப்படி' என்று கேட்டால், உளுந்து பிடுங்கவேண்டும் என்பார். அது அலட்சியம் இல்லை. மானாவாரியில் ஈரம் யாருக்கும் காத்திருக்காது.

இவ்வளவையும் தவிர்க்க வழி இல்லையா? மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் ஆட்களே அவசரத்துக்கு ஓடுகிற திருவனந்தபுரம்தான். அதைச் சுற்றியுள்ள 13 பஞ்சாயத்துகளில் 1996ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேர். பாதிப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரணப் பட்டதாரிகள். அதில் ஒரு பி.காம். இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். கருவி? வெளிச்சமும் கண்ணும். 2005ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் சாவது 34 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்கேன் இல்லை, ரோபோ இல்லை. 'நாக்கை நீட்டுங்க' என்று ஒருத்தர் கேட்டார், அவ்வளவுதான்.

சீக்கிரம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. மும்பை டாடா மருத்துவமனை 2015ல் வெளியிட்ட ஆய்வு. வாய் வழியாகவே எடுக்க முடிகிற ஆரம்பகட்ட வாய்ப் புற்றுகள். அப்போதே கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து நூற்றுக்கு எண்பது பேர் உயிரோடு இருந்தார்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று கழுத்தை விட்டுவைத்தவர்களில் 67 சொச்சம். இரண்டு கூட்டத்திலும் தாடைக் கதவைத் திறக்கவேண்டிய அவசியமே வராத கட்டம்.

லான்செட்டில் வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இங்கே 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். வீட்டு வாசல் வரை வந்த பெண்மணி, 'அண்ணாச்சி, கொஞ்சம் வாயைத் திறங்க' என்று கேட்க இன்னும் ஒரு நிமிஷம் ஆகுமா? 2023ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனையைத் தனித் திட்டமாகத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி. அதன் பிறகு விரிவாக்கம் என்றார்கள். விரிவாக்கம் கலெக்டர் ஆபீஸ் பேனரில் தெரிகிறதா, கரிசல் காட்டுச் சம்சாரியின் வாயில் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி. மாவட்டத் தலைமை மருத்துவமனையே கோவில்பட்டியில்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். புதுசாக ஒரு கட்டடம்கூடக் கட்டவேண்டாம்.

குட்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 2013ல் தடை போட்டார்கள். 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் புகையிலை உபயோகிக்கிற பெரியவர்கள் 2009-10 சர்வேயில் நூற்றுக்கு 16.2 பேர், 2016-17ல் 20 பேர். நாடு முழுக்கக் குறைந்தபோது இங்கே ஏறியிருக்கிறது! தடை இருக்கும்போதே ஏறியது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். வேறு கருத்து எனக்கு இல்லை.

அரசாங்கம் வருகிறபோது வரட்டும். கண்ணாடி உங்கள் வீட்டில் இருக்கிறது. நாக்கை வெளியே நீட்டி இரண்டு ஓரத்தையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் வாய்க்குள் நுழைகிறதா? சந்தேகம் என்றால் கீரையை நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போய், சதை எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். சதை எடுத்தால் பரவிவிடும் என்று டீக்கடையில் சொல்வார்கள். டெஸ்டால் பரவாது. தள்ளிப்போட்டால்தான் பரவும்.

ஏற்கெனவே நாள் குறித்துவிட்டார்கள், தாடையைப் பிளந்துதான் ஆகவேண்டும் என்கிறார்கள் என்றால், ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். நோயாளியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள். வாய் வழியாகவோ கழுத்து வழியாகவோ எடுக்க முடியாதா? எந்த இடத்தில் அறுப்பீர்கள்? பேச்சு எவ்வளவு திரும்பும்? எத்தனை வாரம் கஞ்சி? எந்தப் பல்லை முன்னாடியே எடுக்கணும்? கரண்ட் என்றைக்குத் தொடங்கணும்? வாய்ப் பயிற்சியை யார் சொல்லித்தருவார்கள்? வீட்டுக்குப் போனபிறகு ஈறு பிரிந்து பிளேட் தெரிந்தால், ராத்திரியானாலும், எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? அந்த நம்பரைப் பாரத்தின் நகலில் பேனாவால் எழுதி வாங்குங்கள். அப்புறம் யாருடைய தாடையோ அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்றைக்கே.